பூப்போட்ட நைட்டி தொங்கும் ஜன்னல்

11 ஜூன் 2020, வியாழன்

இன்றைக்கும் மாட்டிக்கொண்டேன். ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா, பிரிட்ஜில் ஐஸ் கட்டவில்லை என்று கூப்பிட்டார்கள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்" என்று நான் குழைந்து சொல்லும் அதே நேரத்தில் கீழே லாரியிலிருந்து நேசையன் அண்ணன் "பிடிச்சோ! தாழ்த்து! தாழ்த்து! விடூ!" என்று ஒரு கத்து. அந்த அம்மா பயந்துபோய், "என்னம்மா, அங்க அடிதடியா?" என்றார்கள். அடிதடி இல்லை, குண்டூர் மிளகாய் வத்தல் இறங்குகிறது என்று கஸ்டமர் கேரில் இருப்பவள் சொல்ல முடியுமா? லைனில் ஏதோ கோளாறு என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூட்டையின் நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்து தொண்டையைப் பிடித்தது. லொக்கு லொக்கென்று இருமித் தீர்த்தேன். இந்தக் காலத்தில் இருமினால் போனில்கூட ஆட்கள் ஒதுங்குகிறார்கள். "உடம்பைப் பாத்துக்க சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிரிட்ஜ் கதி என்ன ஆனதோ.

சாயங்காலம் ஷிஜா மேடம் கூப்பிட்டார். தமிழ்நாட்டுக் கஸ்டமர்களுக்குப் பேசும் எங்கள் டீமை மேய்ப்பவர் அவர். "பொன்செல்வி, உன் பேச்சு நல்லா இருக்கு. பக்ஷே பின்னால ஒரு சந்தையே கேக்குது. குவாலிட்டிக்காரங்க ரிப்போர்ட் போட்டாச்சு. வேற ரூம் இல்லியா?"

வேற ரூமா! இந்த மலையாள ஊரில், ஆரியசாலையில், வத்தல் கடைக்கு மேல்மாடி. ஒரு ஹால், ஒரு அடுக்களை. ஹாலில் டி.வி. முன்னால் மகள் ஷாலுவின் பள்ளிக்கூடம், தெருப் பக்கத்து ஜன்னல் ஓரம் என் ஆபீஸ். லாக்டவுன் வந்தபோது கழக்கூட்டத்திலிருந்து வேனில் லேப்டாப்பும் ஹெட்செட்டும் கொண்டுவந்து தந்தார்கள். அமைதியை யாரும் கொண்டுவந்து தரவில்லை.

கிழக்கேகோட்டையில் துணிக்கடையில் வருஷக்கணக்காக நின்றவள் நான். காலையில் நின்றால் ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நீலமாகக் கிடக்கிறது. இந்த வேலை கிடைத்த அன்று நான் முதலில் பார்த்தது சம்பளத்தை இல்லை, நாற்காலியை. இன்னும் கான்ட்ராக்ட்தான். சத்தம், இருமல் என்று ரிப்போர்ட் ஏறிக்கொண்டே போனால் பெர்மனன்ட் ஆக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வீட்ல இருக்கவள எந்த வீட்டுக்கு அனுப்புவாவ?" என்று லிங்கம் கேட்கிறார். வாயால் அவர் பெயரைச் சொல்லமாட்டேன், நோட்டில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்: குற்றாலலிங்கம், குற்றாலலிங்கம். கீழே அதே கடையில் எடை போடுகிறார். அவர் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி நிற்கப் போக என்னால் முடியாது.

12 ஜூன், வெள்ளி

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "கிணத்துக்குள்ள இருந்து பேசுதியாம்மா?" என்று கேட்டார் தூத்துக்குடிக்காரர் ஒருவர்.

17 ஜூன், புதன்

கீழே போய் நேசையன் அண்ணனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். லோடு இறக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். பாறசாலைப் பக்கத்து ஆள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு யோசித்தார்.

"நீ சொல்லுதது செரிதான் செல்வீ. பக்ஷே சத்தம் இல்லாம லோடு எறக்க ஒக்காது, கேட்டியா. தலையில சாக்கு இருந்தா அவனுக்குக் காலு காணாது. நான் வாய் தொறந்து சொன்னாத்தான் அவன் படியில கால வைப்பான்."

அதுவும் நியாயம்தானே. என் நாற்காலிக்காக இன்னொருவர் இடுப்பு ஒடிய வேண்டுமா? கடை முதலாளி மகாராஜா அண்ணாச்சி கல்லாவிலிருந்தே, "ஏ நேசையா, கைய வச்சுப் பண்ண முடியாதாடே? நம்ம பிள்ள பொழப்புல்லா" என்றார். இந்த வீடும் அண்ணாச்சியுடையதுதான். நான் உட்காரும் பிரம்பு நாற்காலியும் அவருடைய பழைய கல்லா நாற்காலிதான்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. நான் போனில் இருக்கும்போது ஜன்னல் கம்பியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் நுனியில் கட்டுவார்களே, அந்தத் துணியிலேயே ஒரு கிழிசல் தந்தார். துணி தொங்கினால் அவர் கத்தமாட்டார், தோளில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. எட்ட நின்று தட்ட ஒரு மூங்கில் கம்பும் எடுத்துக்கொண்டார், இடைவெளி விடச் சொல்லி போலீஸ் பிடுங்குகிறதாம்.

ஒரு மணிநேரம் பார்த்தேன். ஊமைப்படம் மாதிரி லாரி காலியானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வத்தல் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

6 ஜூலை, திங்கள்

ஊரை முழுசாகப் பூட்டிவிட்டார்கள். டிரிபிள் லாக்டவுனாம். சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. நேசையன் அண்ணனும் ஆட்களும் அவரவர் ஊரில் இருக்கிறார்கள். கீழே ஒரு பூனை நடந்தாலும் கேட்கிறது.

இன்று என் போன் கால்கள் எல்லாம் சுத்தம். ஷிஜா மேடம் "எக்ஸலன்ட்" என்று மெசேஜ் போட்டார். லோடு ஆட்களுக்கு வேலை இல்லாததால் எனக்கு வேலை நன்றாக நடக்கிறது. இதைச் சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை.

லிங்கம் அடுக்களையை எடுத்துக்கொண்டார். வத்தல் கடைக்காரர் வைக்கிற குழம்பு எப்படி இருக்கும்? மூன்று பேருக்கும் மூக்கு ஒழுகியது. "மூட்டையை வீட்டிலிருந்து தூக்க முடியாது, குழம்பையாவது வீட்டிலிருந்து வைக்கிறேன்" என்கிறார். முகத்தில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் மத்தியானம் இரண்டு தடவை சும்மாவே கீழே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

21 ஜூலை, செவ்வாய்

நான் போனில் பேசுவதையெல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டார் மனுஷன். சாம்பாரில் உப்பில்லை என்றேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது மேடம். எங்கள் பிரதிநிதி விரைவில் உப்புடன் வருவார். வேறு ஏதேனும் உதவி தேவையா?" ஷாலு தரையில் உருண்டு சிரித்தாள். நானும்.

20 ஆகஸ்ட், வியாழன்

கடை திறந்தாகிவிட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கத்தலைக் கேட்டதும் ஷாலு ஓடிப்போய் எட்டிப் பார்த்து, "அம்மே, நேசையன் மாமன் வந்தாச்சு!" என்று குதித்தாள். எனக்கும் மனசு குளிர்ந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் கால் வந்தது, சிவப்புத் துணியைக் கட்டினேன்.

24 செப்டம்பர், வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

வீடு வீடாகக் காய்ச்சல், இருமல் விசாரிக்க வருகிற சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சி புதுசு. பழைய சேச்சிக்கு எங்கள் சங்கதி தெரியும். இவர் படியேறும்போது கீழே வத்தலைச் சாக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். சேச்சி காதில் விழுந்தது என்ன? கீழே எட்டுப் பத்து பேர் இருமல். கல்லாவில் அண்ணாச்சி இருமல். மாடியில் நான், லிங்கம், ஷாலு, மூன்று பேரும் மாறி மாறி இருமல், தும்மல். சேச்சி பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். "எத்ற திவசமாயி இது?" என்று கேட்க, லிங்கம் வெள்ளந்தியாக, "இது எப்பவும் உள்ளதுதான் சேச்சி. நாங்க இங்க குடிவந்த நாள்லேருந்து இருக்கு" என்றார்.

அரைமணி நேரத்தில் பாதுகாப்பு உடையோடு ஆட்கள் வந்து வரிசையில் நிறுத்தி எல்லார் மூக்கிலும் குச்சியை விட்டார்கள். குச்சி விட வந்தவரும் இரண்டு தும்மல் போட்டார். அப்புறம்தான் சேச்சி சாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

ஒருத்தருக்கும் கொரோனா இல்லை. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம வத்தல் இருக்கத் தெருவுக்குள்ள கிருமி வருமாடே?" அப்படி இல்லை அண்ணாச்சி என்று சொல்ல வாய் வந்தது. நாற்காலி அவருடையது, அடக்கிக்கொண்டேன்.

26 நவம்பர், வியாழன்

வந்தது பாருங்கள் புது வில்லங்கம். மாநகராட்சித் தேர்தல். நேற்று ஒரு கூட்டம் மாடி ஏறி வந்து, "சேச்சி நம்முட ஆளாணல்லே!" என்று முகமெல்லாம் பல்லாக நோட்டீஸ் தந்துவிட்டுப் போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று காலையில் எதிர்க் கூட்டம் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டது: "உங்க மாடியில எந்தினா அவங்க கொடி?"

சிவப்புத் துணி! மாசக்கணக்காகத் தொங்குகிறது. இப்போது கொடியாகிவிட்டது.

அண்ணாச்சி அலறிப்போய் மேலே வந்தார். "ஏம்மா, நான் யாவாரி. எனக்கு எல்லாப் பயலும் வேணும். அத மொதல்ல அவுரு."

அவிழ்த்துவிட்டுப் பச்சைத் துப்பட்டாவைக் கட்டினேன். கீழிருந்து நேசையன் அண்ணன் கையை ஆட்டி வேண்டாம் என்றார். காவி ஜாக்கெட்டுத் துணியைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். நீலத்தைக் காட்டினேன். "அதுக்கும் ஆளுண்டு" என்றார். வெள்ளைத் தோர்த்துத் துண்டைக் கட்டினால், "யாருகூட சண்டை போட்டுட்டு சமாதானக் கொடி காட்டுத?" என்று லிங்கம். கடவுள் இந்த ஊருக்காக ஒரு நிறத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

கோபம் வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பழைய நைட்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு மாட்டினேன். ஊதாவும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பூ. கழுத்துப் பட்டன் போனது. கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நேசையன் அண்ணன் கட்டை விரலைத் தூக்கினார். பூப்போட்ட நைட்டிக்கு எந்தக் கட்சியும் இல்லை.

எப்படியோ திங்கட்கிழமைக்குள் முடிந்தது. திங்கள் முழுக்க குவாலிட்டிக்காரர்கள் என் கால்களை நேரடியாகவே கேட்கப் போகிறார்கள். அன்று பாஸானால்தான் பெர்மனன்ட் லிஸ்டில் பெயர் போகும்.

30 நவம்பர், திங்கள்

காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போனது. நைட்டி தொங்கியது. கீழே மூங்கில் கம்பு மட்டும் பேசியது. ஷாலு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு டீச்சரின் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் திண்டுக்கல் பெரியவர் ஒருவர், வாஷிங் மெஷின் நகர்ந்து நகர்ந்து வாசல்வரை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் தெரு முனையில் கேட்டது — மைக்செட் ஜீப். பாட்டு, கோஷம், "நம்முட ப்ரியங்கரனாய ஸ்தானார்த்தி…" நெருங்கி நெருங்கி வருகிறது. வந்து, லாரிக்குப் பின்னால், சரியாக என் ஜன்னலுக்குக் கீழே, மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

போச்சு. போயே போச்சு. முத்தாரம்மா, என்னத்துக்கு இந்தச் சோதனை? ம்யூட்டை அழுத்தினேன். எவ்வளவு நேரம் ம்யூட்டில் வைப்பது?

எட்டிப் பார்த்தேன். லிங்கம் எடைத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார். நேசையன் அண்ணன் டிரைவர் தோளில் மூங்கில் கம்பால் ஒரு தட்டு. டிரைவர் விழித்தார். அண்ணன் மேலே கையைக் காட்டினார். டிரைவர், மைக் பிடித்தவர், மாலையோடு நின்ற வேட்பாளர், மூன்று பேரும் அண்ணாந்து என் நைட்டியைப் பார்த்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. லிங்கம் காதில் ஹெட்செட் மாதிரி கையை வைத்து, நாற்காலியில் உட்கார்வதுபோலக் காட்டினார். மைக் அணைந்தது. என்ஜினும் அணைந்தது. அப்புறம் லோடு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து, வேட்பாளரை மேலே வைத்தபடியே ஜீப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். அவர் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ம்யூட்டை எடுத்தேன். "மன்னிக்கவும் சார், சொல்லுங்க, மெஷின் இப்ப எங்க இருக்கு?" "வாசப்படியில நிக்கிதும்மா" என்றார். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே புகாரைப் பதிவு பண்ணினோம்.

பாஸாகுமோ ஆகாதோ. ஜீப் சத்தம் கொஞ்சமாவது விழுந்திருக்கும்.

3 டிசம்பர், வியாழன்

பாஸ்! ஷிஜா மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "குரலில் சிரிப்பு கேக்கணும்னு டிரெயினிங்ல சொல்லுவோம் இல்லே, அது உன் கால்ல கேட்டுச்சு. அதுக்குத் தனி மார்க்." லிஸ்டில் பெயர் போய்விட்டது. ஆர்டர் எப்போது வரும் என்பது மேலிடத்துக்குத்தான் தெரியுமாம். கீழே எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். அந்த வேட்பாளருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

12 மே 2021, புதன்

என்ன எழுதுவது.

மறுபடி லாக்டவுன். ஆனாலும் சாமான் லாரிகள் வருகின்றன. காலையில் புது லோடு. மூக்கில் ஏறினால் உச்சி மண்டை கிறுகிறுக்கும் காரம். ஜன்னலை அடைத்துவிட்டு ஒரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கீழே எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள், தும்முகிறார்கள். நடுவில் லிங்கம் மட்டும் கோயில் சிலை மாதிரி நிற்கிறார். திறந்த சாக்குக்குள் கையை விட்டு அள்ளுகிறார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. தும்மவே இல்லை.

"ஒரு நிமிடம் லைனில் இருங்கள் மேடம்" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"என்னட்டி, போன விட்டுட்டு வார? இந்த லோடுல காரமே இல்ல. பாழாப் போன சரக்கு" என்கிறார். கடையிலிருந்த பெருங்காயக் கட்டியை மூக்குக்கு நேராக நீட்டினேன். ஆரியசாலைக்கே மணக்கிற காயம். மோந்து பார்த்துவிட்டு, "என்னது இது?" என்றார்.

நேசையன் அண்ணன் மெல்ல மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார்.

இருமுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். எங்கள் வீட்டில் இருமாதவர்தான் நோயாளி.

13 மே, வியாழன்

பாசிட்டிவ். எனக்கும் ஷாலுவுக்கும் இல்லை. இவருக்கு அடுக்களையில் பாய். நடுவில் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். ஹாலில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி. அந்தக் கஸ்டமர் என்னை எவ்வளவு நேரம் கூப்பிட்டுப் பார்த்தாரோ. ரிப்போர்ட் வரட்டும். வரட்டுமே.

16 மே, ஞாயிறு

விரலில் மாட்டுகிற மிஷினில் எண் கீழே கீழே போகுது. ஆஷா சேச்சி — அன்னைக்கு எங்க இருமலக் கேட்டுப் பாதிப் படியில நின்ன அதே சேச்சி — வாசல்ல நின்னு மணிக்கொரு தரம் கேக்குறா. இன்னும் கொஞ்சம் இறங்குனா மெடிக்கல் காலேஜ்தான், ஆம்புலன்ஸ் தயாரா இருக்குங்கா.

ஷிஜா மேடத்துக்கு போன் போட்டு, லைனில் ஆளை விட்டுட்டு ஓடினது தப்புதான், வேலை போனா போகட்டும், எனக்கு இப்ப பேச முடியாது, வாயத் திறந்தா அழுகதான் வருதுன்னு சொல்லிட்டேன். எக்கச்சக்கமா என்னென்னமோ சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "அந்தக் கஸ்டமரை நான் எடுத்துப் பேசியாச்சு. நீ லீவு எடுத்தோ. உன் சீட்டு எங்கேயும் போகாது. சேட்டனைப் பாரு" என்றார். நிஜமாவா, இல்லை எனக்கு ஆறுதலுக்கா? தெரியல.

இந்த மனுசன் இல்லாம நான் எந்த நாற்காலியில உக்காந்து என்ன பண்ண?

நைட்டியை எடுக்கவே இல்லை. நான் லீவு, இனி கத்தலாம் என்று ஷாலுவை விட்டுக் கீழே சொல்லவைத்தேன். ஜன்னலுக்கு நேரே நின்று நேசையன் அண்ணன் மெதுவாக, "அது அங்கயே கெடக்கட்டும் மக்களே. அப்பா உறங்கட்டும்" என்றாராம். படியில் ஒரு தூக்குவாளி இருந்தது. கஞ்சியும் பயறும். அண்ணாச்சி வீட்டுப் பாத்திரம்.

18 மே, செவ்வாய்

எண் ஏறியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வேண்டாம். இதற்கு மேல் ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

9 ஜூன், புதன்

இன்று காலையில் லிங்கம் தும்மினார். கீழே சாக்கு பிரித்த நேரம், அடுக்களைக்குள்ளிருந்து ஒரு தும்மல், அதன்பின் இன்னொன்று, அப்புறம் நிற்காமல். ஷாலு ஓடிப்போய் ஜன்னலில், "மாமா, அப்பா தும்மியாச்சு!" என்று கத்தினாள். நைட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் போனில்தான் இருந்தேன். "கல்யாண வீடா மேடம்?" என்று கேட்டார் கஸ்டமர். ஆமாம் சார் என்றேன். ரிப்போர்ட் போட்டால் போடட்டும்.

21 பிப்ரவரி 2022, திங்கள்

வந்துவிட்டது. பெர்மனன்ட். மெயிலை வாசித்துவிட்டு ஷாலுவை வாசிக்கச் சொன்னேன், பிறகு லிங்கத்தை. அவருக்கு இங்கிலீஷ் வராது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

கூடவே ஒரு கேள்வி. ஆபீஸ் திறக்கிறார்கள். வீட்டிலிருந்தே தொடரலாம், அல்லது கழக்கூட்டம் வரலாம். இஷ்டம்போல. நாளைக்குள் சொல்ல வேண்டும்.

"ஒனக்கு எது தோதோ அதச் செய்யி. நான்தான் குழம்பு வைப்பேன்லா" என்கிறார் லிங்கம்.

வீடு சுகம்தான். மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக நான் வேலைக்குப் போகவும் இல்லை, வேலையிலிருந்து திரும்பவும் இல்லை. சாப்பிடுகிற இடத்திலேயே வசவும் வாங்கி, வசவு வாங்கிய இடத்திலேயே படுத்து… ஒரு வாசலைத் தாண்டிப் போக வேண்டும் போலிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. நாலு பெண்களோடு டிபன் பாக்ஸ் திறப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. கீழே அந்த மனுஷர்கள் எனக்காக எத்தனை காலம் தொண்டையைக் கட்டிக்கொண்டு மூட்டை சுமப்பார்கள்? போன வாரம் ஒருத்தர் படியில் தடுக்கினார். அடி இல்லை. ஆனால் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் இனி வாய்விட்டுக் கத்தட்டும்.

ஆபீஸ் என்று பதில் போட்டேன்.

6 மார்ச், ஞாயிறு

புதுச் செருப்பு, தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம். வேலை கேட்டுப் போன நாளில்கூட இவ்வளவு படபடப்பு இல்லை.

7 மார்ச், திங்கள்

ஆபீஸ் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது. பின்னால் சாய்ந்தால் சாய்கிறது. ஷிஜா மேடத்தை நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு ஆறடி ஆளை நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் இருக்கிறார். கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஏ.சி. ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். முதல் கால் வந்ததும் கை தானாக இடது பக்கம் நீண்டு எதையோ தேடியது. ஹேங்கரை.

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்து வந்தேன். தெரு முனையிலேயே ஏதோ இடறியது. லாரி நிற்கிறது, பாதி லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு சத்தத்தையும் காணோம். நேசையன் அண்ணன் மூங்கில் கம்பால் ஒருவர் தோளில் தட்டிக்கொண்டிருக்கிறார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? லிங்கம் காலையிலேயே அண்ணாச்சியோடு கொல்லத்துக்குப் போனவர். ஐயோ, வண்டி ஏதும்…

ஓடினேன். "என்னண்ணே, என்ன ஆச்சு?"

அவர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினார்.

நைட்டி. கடைசியாக வீட்டிலிருந்து பேசிய அன்று மாட்டியது. காலையில் இருந்த அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்.

"அண்ணே, நான் இங்க இருக்கேன்! ஆபீஸ் போயிட்டுல்லா வாரேன்! மேல ஆளே இல்ல!"

அவர் என்னையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார். "காலைல மொதலே கெடக்கே" என்றார், அதே ரகசியக் குரலில். "நைட்டி கண்டாப் போதும், வாய் தன்னால அடஞ்சு போகுது, கேட்டியா." பக்கத்தில் நின்றவர் சாக்கைத் தலையிலிருந்து இறக்காமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அதையும் சத்தமில்லாமல். காலி வீட்டுக்காக நாள் பூராவும் ஊமையாக லோடு இறக்கியிருக்கிறார்கள்.

படியேறிப் போய் நைட்டியை எடுத்தேன். வெயிலில் கிடந்து கிடந்து பூவெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. எடுத்த மறு நொடி கீழிருந்து நேசையன் அண்ணன், காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில்: "பிடிச்சோ! தாழ்த்து! தாழ்த்து! விடூ!"

நெடி ஏறி வந்தது. நன்றாக இருமினேன். ஜன்னலை அடைக்கவில்லை.